ஒரு சிற்றூர் தேய்ந்த வரலாறு: நெப்ராஸ்காவின் மோனோவை

வேளாண்மை செழித்தால் கிராமமும் செழிக்கும் என்பது பொதுவாக நிலவும் நம்பிக்கை. விளைச்சல் பெருகினால் வருவாய் பெருகும். வருவாய் பெருகினால் கடைகளும் தொழில்களும் பெருகும். ஊரில் மக்களும் நிலைத்திருப்பர் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் உலகிலேயே மிகுந்த வேளாண் உற்பத்தித் திறன் பெற்ற பகுதிகளுள் ஒன்றான அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இதற்கு மாறான நிகழ்ச்சி நடந்துள்ளது. அங்கே விளைச்சல் பன்மடங்கு உயர்ந்த அதே காலத்தில் ஊர்கள் பல தேய்ந்தன. நெப்ராஸ்கா மாநிலத்தின் பாய்ட் மாவட்டத்திலுள்ள மோனோவை என்ற சிற்றூர் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

நிலமும் குடியேற்றமும்

நயோபிராரா, மிசௌரி ஆகிய இரு ஆறுகளுக்கு இடையே அமைந்தது இவ்வூர். வெள்ளையர் குடியேறுவதற்கு முன்பு, இந்த ஆறுகள் கூடும் பகுதியில் பாங்கா என்னும் பழங்குடியினர் மக்காச்சோளம் பயிரிட்டும் காட்டெருமைகளை வேட்டையாடியும் வாழ்ந்து வந்தனர். 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றில் அவர்களுடைய நிலம் தவறுதலாக சூ பழங்குடியினருக்கு உரியதென எழுதப்பட்டது. 1877-இல் பாங்காக்கள் தெற்கேயுள்ள வேறொரு பகுதிக்கு வலுக்கட்டாயமாக அனுப்பப்பட்டனர். இறந்த மகனைத் தாய்மண்ணில் அடக்கம் செய்வதற்காகத் திரும்பி வந்த ‘நிற்கும் கரடி’ என்ற தலைவர் கைது செய்யப்பட்டார். 1879-இல் ஒமாகா நகரில் நடந்த வழக்கில், பழங்குடியினரும் சட்டத்தின் கண்ணில் ‘மனிதரே’ என்று தீர்ப்பாயிற்று. இப்பகுதியின் குடியேற்ற வரலாறு இந்த வெளியேற்றத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை மறத்தலாகாது.

1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் நிலத்திலேயே தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் வரை வழங்க வகை செய்தது. நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற இந்த நிபந்தனை மிகவும் முக்கியமானது. இந்தியாவில் உழவர்கள் ஊரில் நெருங்கி வாழ்ந்து, காலையில் வயலுக்குச் செல்கின்றனர். அங்கோ ஒவ்வொரு குடும்பமும் தன் பண்ணையின் நடுவே தனித்து வீடு கட்டிக் கொண்டது. ஆகவே அந்நாட்டில் ‘கிராமம்’ எனப்படுவது உழவர்களின் குடியிருப்பு அன்று. சுற்றியுள்ள பண்ணைகளின் தேவைகளை நிறைவேற்றும் பணி மையமே ஆகும். இந்த வேறுபாட்டை அறிந்தால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

இரயில் தந்த ஊர்

பாய்ட் மாவட்டம் 1891-இல் அமைக்கப்பட்டது. 1890-இல் 695 ஆக இருந்த மக்கள்தொகை, 1900-இல் 7,332 ஆகவும், 1910-இல் 8,826 ஆகவும் உயர்ந்தது. பிரிமான்ட், எல்க்ஹார்ன், மிசௌரி வேலி இரயில் நிறுவனம் 1902-இல் தன் பாதையை இப்பகுதிக்கு நீட்டியபோது மோனோவை தோன்றியது. அவ்விடத்தில் மிகுதியாகப் பூத்திருந்த காட்டு மலர்களைக் கண்டு, மலர் என்று பொருள்படும் பழங்குடிச் சொல்லையே ஊருக்குப் பெயராக இட்டனர் என்பர்.

குதிரை வண்டியில் தானியம் ஏற்றிச் சென்று, விற்று, அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பது அக்கால உழவனின் தேவை. எனவே சில மைல்களுக்கு ஒரு நிலையம் தேவைப்பட்டது. நிலையத்தை அடுத்துத் தானியக் கிடங்கு எழுந்தது. அதையொட்டி மளிகைக் கடை, அஞ்சல் நிலையம், தேவாலயம், பள்ளி ஆகியன தோன்றின. சுமார் அரை சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட மோனோவையில் 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 123 பேர் வாழ்ந்தனர்.

எண்கள் கூறும் கதை

அதன் பின்னர் ஏற்பட்ட மாற்றத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் படிப்படியாகக் காட்டுகின்றன. மோனோவையின் மக்கள்தொகை 1940-இல் 99, 1950-இல் 67, 1960-இல் 40, 1970-இல் 16, 1980-இல் 18, 1990-இல் 6, 2000-இல் 2, 2010-இல் 1.

இது ஓர் ஊரின் தனிக்கதை அன்று. பாய்ட் மாவட்டம் முழுவதும் இதே காலத்தில் சுருங்கியது. 1930-இல் 7,169 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1970-இல் 3,752 ஆகவும், 2020-இல் 1,810 ஆகவும் குறைந்தது. ஆனால் நெப்ராஸ்கா மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 1930-இல் சுமார் 13.8 லட்சமாக இருந்து, 2020-இல் சுமார் 19.6 லட்சமாக உயர்ந்தது. மாநிலம் வளர்ந்தது, ஊர்கள் தேய்ந்தன. மக்கள் ஒமாகா, லிங்கன் போன்ற நகரங்களை நாடிச் சென்றனர்.

தேய்வுக்குரிய காரணங்கள்

1930-களின் பொருளாதார மந்தமும், 1934, 1936 ஆகிய ஆண்டுகளின் கடும் வறட்சியும் முதல் அடியாக அமைந்தன. ஆயினும் வறட்சி நீங்கிய பின்னரும் மக்கள் திரும்பவில்லை. அடிப்படைக் காரணம் வேளாண்மையின் அமைப்பிலேயே இருந்தது.

குதிரைகளின் இடத்தை டிராக்டர் பிடித்தது. கலப்பின மக்காச்சோளமும் இரசாயன உரமும் விளைச்சலைப் பெருக்கின. ஒரு குடும்பம் முன்பைவிடப் பன்மடங்கு நிலத்தைப் பயிரிட முடிந்தது. எந்திரத்தின் விலையை ஈடுகட்ட மேலும் நிலம் தேவைப்பட்டது. அண்டைப் பண்ணையை வாங்குவதே அதற்கு வழி. 1935-இல் நெப்ராஸ்காவில் சுமார் 1,33,000 பண்ணைகள் இருந்தன. 2022-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் அவை சுமார் 44,000 மட்டுமே. நிலம் தரிசாகி விடவில்லை. உழும் கைகளே குறைந்தன.

பண்ணை ஒன்று மறையும்போது ஒரு குடும்பம் போகிறது. அக்குடும்பத்தோடு பள்ளிக்கு வரும் குழந்தைகளும், கடைக்கு வரும் வாடிக்கையும் போகின்றன. குதிரைகள் போனதும் கொல்லருக்கும் சேணம் தைப்பவருக்கும் வேலையில்லை. நல்ல சாலையும் மோட்டார் வண்டியும் வந்ததும், எஞ்சிய உழவர்கள் அருகிலிருந்த சிறு கடையை விட்டுத் தொலைவிலிருந்த பெரிய ஊரை நாடினர். ஊரை இணைக்கும் என்று கருதப்பட்ட சாலையே ஊரின் வாணிபத்தை வெளியே கொண்டு சென்றது.

மோனோவையில் 1967-க்கும் 1970-க்கும் இடையே அஞ்சல் நிலையமும் எஞ்சியிருந்த மளிகைக் கடைகளும் மூடப்பட்டன. 1974-இல் பள்ளி மூடப்பட்டது. ஊரைப் பெற்றெடுத்த இரயில் பாதையும் பின்னர் கைவிடப்பட்டது. கடை இல்லாத ஊரில் முதியோர் எவ்வாறோ காலம் தள்ளலாம். பள்ளி இல்லாத ஊரில் இளங்குடும்பங்கள் தங்குவதில்லை. பள்ளி மூடப்பட்ட பின் மோனோவையில் புதிய தலைமுறை வேரூன்றவில்லை.

ஒருவரே ஊராட்சி

2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவான இருவரும் கணவன் மனைவியர். 2004-இல் கணவர் காலமானார். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் ஒரே ஒருவரைக் கொண்ட ஊராட்சி மோனோவை மட்டுமே. அம்மூதாட்டியே ஊர்த் தலைவர், அவரே எழுத்தர், அவரே பொருளாளர். 1971 முதல் கணவரோடு சேர்ந்து நடத்திய உணவு விடுதியை அவர் தொடர்ந்து நடத்தினார். கணவர் சேர்த்த சுமார் 5,000 நூல்களைச் சிறு கட்டடம் ஒன்றில் வைத்து நூலகமாக்கினார். விடுதிக்கு மது விற்பனை உரிமம் கோரி விண்ணப்பிப்பவரும் அவரே. அதனை ஆராய்ந்து ஒப்புதல் அளிப்பவரும் அவரே. ஆண்டுதோறும் சாலைத் திட்டம் தயாரித்து மாநில அரசுக்கு அனுப்பியும், தமக்குத் தாமே வரி விதித்துக் கொண்டும் நான்கு தெருவிளக்குகளை எரியச் செய்தார் என 2018-இல் செய்திகள் வெளியாயின.

இதனை வேடிக்கையாகக் கருதுவது எளிது. ஆனால் ஊராட்சி கலைந்தால் விளக்கும் குடிநீரும் நின்றுவிடும். ஊரின் பெயரும் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். சுற்றுவட்டாரப் பண்ணையாளர்கள் கூடிப் பேச எஞ்சியிருந்த இடம் அந்த உணவு விடுதியே. அங்கே காக்கப்பட்டது ஒருவரின் உரிமை மட்டுமன்று. ஒரு வட்டாரத்தின் கூடுமிடமும் ஆகும்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மோனோவையின் மக்கள்தொகை 2 என வெளியாயிற்று. புதிதாக எவரும் குடியேறவில்லை. தனிநபர் விவரங்களை மறைத்துக் காக்கும் பொருட்டு, சிற்றூர்களின் எண்ணிக்கையில் சிறு மாற்றங்களைக் கணக்கெடுப்புத் துறையே புகுத்தியிருந்தது. மாநில மொத்தங்கள் மாற்றப்படவில்லை. பெரிய நகரத்தில் ஒருவர் கூடுவதும் குறைவதும் கருதத்தக்கதன்று. ஒருவரே உள்ள ஊரில் அது மக்கள்தொகையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. சிற்றிடங்களின் புள்ளிவிவரங்களைப் பயன்படுத்துவோர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்குரிய படிப்பினை

இந்தியாவில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பதிவு செய்த சுமார் 6.4 லட்சம் கிராமங்களுள் 43,000-க்கும் மேற்பட்டவை மக்கள் வாழாதவை. இங்கு கிராமம் என்பது வருவாய் எல்லையைக் குறிப்பதால், இவை அனைத்தும் மக்கள் கைவிட்டுச் சென்ற ஊர்கள் எனக் கொள்ளலாகாது. எனினும் உத்தரகண்ட் மாநிலத்தில் 2011-க்குப் பின் 734 ஊர்கள் ஆளற்றுப் போயின என அம்மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் அறிவித்தது. அங்கே காரணம் எந்திரமயமும் பெரும் பண்ணையும் அல்ல. மலை நிலத்தின் குறைந்த வருவாயும், வேலை, கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றின் குறைவுமே ஆகும். காரணங்கள் வேறாயினும், பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகளோடு இளங்குடும்பங்கள் முதலில் வெளியேறுவது இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

ஆகவே ஊரக வளர்ச்சித் திட்டங்கள் விளைச்சலை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் போதாது. ஒரு பள்ளியையோ அஞ்சல் நிலையத்தையோ மூட முடிவு செய்யும்போது, அன்றைய செலவை மட்டுமன்றி, அதனால் ஊரை விட்டுச் செல்லக்கூடிய குடும்பங்களையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். மாணவர் குறைந்ததால் பள்ளி மூடப்படுகிறது. பள்ளி மூடப்பட்டதால் மாணவர் மேலும் குறைகின்றனர். இந்தச் சுழலை எந்த நிலையில் தடுக்கலாம் என்று காலத்தே ஆராய்வதே திட்டமிடுவோரின் கடமையாகும். 1930-இல் 123 பேர் வாழ்ந்த மோனோவையில் ஒருவர் எஞ்சும் நிலை உருவாக எண்பது ஆண்டுகள் ஆயின. எந்தப் பத்தாண்டிலும் அது ஒரே நாளில் நிகழ்ந்த பேரழிவாகத் தோன்றவில்லை.