கனவு வேலைக்கு எந்த பாஸ்?

கே: டிப்ளமோ முடித்துவிட்டு, சிங்கப்பூரில் கட்டுமான எலெக்ட்ரீசியனாக ஒர்க் பர்மிட்டில் இருக்கிறேன். ஏசி அறை, ஞாயிறு லீவு, மனைவியும் மகளும் பக்கத்தில் என்று ஒரு வேலையைத் தினமும் படுக்கையில் கற்பனை செய்கிறேன். தப்பா?
– துவாஸ் வாசகர்

ப: தப்பே இல்லை. ஆனால் உங்கள் பட்டியலில் ஏசி சல்லிசு. குடும்பம்தான் விலை கூடியது. ஒர்க் பர்மிட்டில் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. அதைவிட மேல்நிலை அனுமதியான எஸ் பாஸ் கிடைத்தாலும், நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தால்தான் மனைவி, பிள்ளைகளுக்கான டிபென்டன்ட் பாஸ் கேட்கலாம். ஆகவே வேலையோடு பாஸையும் சேர்த்தே கற்பனை செய்யுங்கள்.

இப்போதைக்கு, திறன் தேர்வு எழுதி ஆர்1 எனும் உயர்திறன் தரத்துக்கு ஏறப் பாருங்கள். உங்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி குறையும். சம்பளம் பேச அது நல்ல பிடி. அவசரப்பட்டு ஞாயிறன்று வேறு முதலாளியிடம் வேலைக்குப் போய் நிற்காதீர்கள், பர்மிட்டுக்கே வேட்டு. எஸ் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டியது கம்பெனிதான். ‘நான் வாங்கித் தருகிறேன், முதலில் பணம் கட்டு’ என்று வருகிறவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள். உங்கள் சம்பளத்துக்கும் படிப்புக்கும் எஸ் பாஸ் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.