மனதில் நடந்தால் கால் நடக்குமா?

நம்பிக்கை: பார்க்கின்சன் வந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே நடப்பதாகக் கற்பனை செய்தால் போதும், உடற்பயிற்சி வேண்டாம்.

உண்மை: கேட்க இனிக்கும்; நடக்காது. 2007இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வில் 23 பேர் இரண்டு குழுக்களாக 12 வாரம் பயிற்சி எடுத்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், மற்றதற்கு அதோடு அசைவுகளைக் கற்பனை செய்யும் மனப்பயிற்சியும். இரண்டையும் செய்தவர்களுக்கே அசைவுகளில் வேகம் கூடியது. அவர்களும் உடற்பயிற்சியை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். 2011இல் நெதர்லாந்தில் 47 பேரிடம் செய்த ஆய்விலோ, பிசியோதெரபியோடு மனப்பயிற்சி செய்தவர்களுக்கும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, இது துணைக்கு வரும் பயிற்சி. இதை மட்டும் தனியாக விற்க வருபவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

நம்பிக்கை: மூளையே பாதித்த பிறகு கற்பனை எங்கிருந்து வரும்?

உண்மை: பலருக்குத் தெளிவாகவே வருகிறது. உடலைப் போலவே அதுவும் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: தன்னையே சினிமாவில் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும்.

உண்மை: அதுவும் ஒரு முறைதான். ஆனால் அசைவை உள்ளிருந்து உணர்வது வேறு. நாற்காலியிலிருந்து எழுவதையே எடுத்துக்கொள்வோம். இடுப்பு விளிம்புக்கு நகர்கிறது. பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே போகின்றன. மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை உடல் முன்னே சாய்கிறது. தொடை இறுகுகிறது, உள்ளங்காலில் எடை இறங்குகிறது. உட்கார்ந்தபடியே இதையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் உணர்ந்துவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்க, உடனே ஒருமுறை நிஜமாக எழ வேண்டும். எந்த அசைவில் தொடங்குவது என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

நம்பிக்கை: நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் தைரியமாக நடப்பார்.

உண்மை: வீட்டுக்கு வீடு நடக்கிற தவறு இது. பார்க்கின்சனில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையும்போது, யோசிக்காமல் தானாக நடக்கிற அசைவுகள்தான் அதிகம் கெடுகின்றன, அடி குறுகிவிடும். 1996இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், நீளமான அடியை மனதில் படமாக வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னபோது அடியின் நீளம் கிட்டத்தட்ட இயல்புக்கு வந்தது. கவனம் வேறு வேலைக்குப் போனதும் மறுபடி சுருங்கியது. அதனால் அப்பா கூடத்தைக் கடக்கும்போது, மாத்திரை போட்டாச்சா, யார் போன் பண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். அவர் போய் உட்கார்ந்த பிறகு கேளுங்கள்.