கைப்பேசியின் பூட்டவிழ்த்தலும் பிழை நீக்கலும்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் முழு ஆளுகையையும் உடையவர் தாமே மேற்கொள்ளுதலை ரூட் செய்தல் என்பர். அதற்குமுன், கருவியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டை அவிழ்த்தல் வேண்டும். அங்ஙனம் செய்யுங்கால் நேரும் இடர்களை, கூகுள் பிக்சலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, பூட்டு அவிழுங்கால் உள்ளிருக்கும் படங்களும் செய்திகளும் முற்றும் அழியும். இது பிழையன்று; கருவியைத் திருடியவன் அவற்றைப் படியாதிருத்தற்பொருட்டு அமைந்த காப்பேயாம். ஆதலின் முன்னரே படியெடுத்து வையாதார் பின்னர் வருந்துவர்.

இரண்டாவது, கணினித்திரை "வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்" என்று காட்டி நின்றுவிடின், கைப்பேசியின்மேல் குறை கூறற்க. குற்றம் பெரும்பாலும் கேபிளிலோ விண்டோஸின் டிரைவரிலோ உளது.

மூன்றாவது, "ஓ.இ.எம். அன்லாக்கிங்" என்னும் பொத்தான் மங்கி நிற்பின், இணையத்தொடர்பு கொடுத்துப் பார்க்க. தொலைபேசிக் கம்பெனியார் தடுத்து விற்ற கருவியாயின் இதனாற் பயனில்லை.

நான்காவது, ரூட் செய்தபின் கருவி முழுதும் தொடங்காது மீண்டும் மீண்டும் முதற்கே திரும்புமாயின், ஏற்றிய பூட் இமேஜ் அக்கருவியின் பில்டு எண்ணோடு பொருந்தியதோ என்று நோக்குக. பிக்சல் 7 முதலியவற்றில் திருத்தத்தக்கது இனிட் பூட் இமேஜே. அவ்வெண்ணுக்குரிய திருத்தாத மூலத்தை ஃபாஸ்ட்பூட் வழியே ஏற்றின், கருவி பெரும்பாலும் பிழைத்தெழும்.

அச்சத்தால் உடனே பூட்டை மீண்டும் இடற்க. திருத்திய இமேஜ் உள்ளிருக்கப் பூட்டின், கருவி அதனை மெய்யென ஏலாது தொடங்க மறுக்கும். மூலத்தை முற்றும் மீட்டபின்னரே பூட்டுதல் தகும். பிழைச்செய்தியை நிதானமாய்ப் படித்தலே முதல் மருந்தென்று நாம் அறிவோமாக.