மேயர் பதவியும் சென்னை நகரச் சரித்திரமும்

கோடைக்கானலுக்குச் செல்வோர் முதலில் நாடுவது அங்குள்ள ஏரியையே. பழனி மலைத்தொடரின் மீது, ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கி 1863ஆம் ஆண்டில் அதனை ஆக்கியவர், மதுரைக் கலெக்டராயிருந்த வெரே ஹென்றி லெவிஞ்சு துரை. தம் கைப்பொருளையும் அதற்குச் செலவிட்டார் என்பர். எந்த நகரசபையின் இசைவையும் அவர் பெறவேண்டியிருந்ததில்லை. அவ்வூரில் நகரசபை அமைந்ததே 1899ஆம் ஆண்டில்தான். இத்தகைய நீர்ப்பணியொன்றை மக்கட் பிரதிநிதியாகிய ஒரு நகரத் தலைவர் செய்ய முற்படின் யாது நேரும்? விடை காணச் சென்னை மாநகரை நோக்குவோம்.

சென்னைக்கு மேயர் பதவி பழமையானது. 1688ஆம் ஆண்டிலேயே நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயராயினர். இடையில் மறைந்துபோன அப்பெயர் 1933ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. முத்தையா செட்டியார் அப்பதவியை ஏற்றனர். அங்கியும் பொற்சங்கிலியும் மேயருக்கு. நிருவாக அதிகாரமோ அரசாங்கத்தார் நியமிக்கும் கமிஷனருக்கு. அக்காலத்தில் பதவிக்காலமும் ஓராண்டே. ஓராண்டில் ஒருவர் என் செய்வர் என்று நகைத்தோரும் இருந்திருப்பர்.

ஆயின் 1939ஆம் ஆண்டில் மேயரான சத்தியமூர்த்தியை நோக்குக. 1872ஆம் ஆண்டு முதல் செங்குன்றம் ஏரியை நம்பியிருந்த நகரம் அப்போது நீரின்றி வருந்தியது. கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டவேண்டும் என்று அவர் விடாது வாதாடினார். காலமோ யுத்த காலம். அவருடைய காங்கிரஸ் கட்சியார் மந்திரி பதவிகளைத் துறந்திருந்தனர். ஆட்சி கவர்னர் கையிலிருந்தது. அந்தக் கவர்னராகிய ஆர்தர் ஹோப் துரையே 1940ஆம் ஆண்டு ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார். ஆங்கில ஆட்சியை எதிர்ப்பவர் அதனோடு இணங்குவது முரணன்றோ எனச் சிலர் வினவலாம். தாகத்தால் வருந்தும் ஊர்க்குத் தலைவரானவர் வேறு யாது செய்தல் கூடும் என்று யாம் கேட்போம். சட்டம் அளிக்காத வலிமையை அவர் சொல்வன்மையால் தேடிக்கொண்டார். 1944ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது அதனைக் காண அவர் உயிரோடில்லை. முந்தைய ஆண்டிலேயே காலமானார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நீரோடு முடிவதன்று இப்பதவியின் வரலாறு. ஒடுக்கப்பட்ட வகுப்பில் தோன்றிய ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937ஆம் ஆண்டில் மேயராயினர். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் சபாநாயகராகவும் விளங்கினர். 1959ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அ. பொ. அரசு மேயரானபோது, திராவிட முன்னேற்றக் கழகத்தின் கைக்கு மாநகராட்சி வந்தது. எட்டாண்டுகள் கழித்து மாநில ஆட்சியும் அக்கழகத்தின் கைக்கு வந்தது. நகரசபையை வெறும் விளக்குக்கம்பச் சபையென்று எண்ணியோர் இதனைக் கண்டு வியந்திருத்தல் வேண்டும்.

மாநில அரசாங்கத்தார் இப்பதவியின் வலிமையை நன்கறிந்தனர் போலும்! 1973ஆம் ஆண்டில் சபை கலைக்கப்பட்டது. பின்னர் இருபத்துமூன்று ஆண்டுகள் சென்னைக்கு மேயரே இலர். 1996ஆம் ஆண்டில் மக்கள் நேரே வாக்களித்து மு. க. ஸ்டாலினை மேயராக்கினர். அவ்வழக்கமும் நிலைக்கவில்லை, 2022ஆம் ஆண்டில் ஆர். பிரியாவைத் தேர்ந்தெடுத்தோர் மாமன்ற உறுப்பினரே. கமிஷனரை நியமிப்பவர் இன்றும் அரசாங்கத்தாரே.