ஊர்ப் பொதுநிலம்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டும் அன்று. மக்கள் குடியிருக்கும் நத்தமும், நெல் விளையும் நன்செயும், கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் புன்செயும், மாடுகள் கூடும் மந்தையும், ஆடுகள் மேயும் புறம்போக்கும், வயலுக்கு நீர் தரும் கண்மாயும், குடிக்க நீர் தரும் ஊருணியும் ஒருங்கே அமைந்ததே ஊராகும். இவற்றுள் குடியிருப்புக்கென்று முன்னோர் ஒதுக்கிய இடம் நத்தம். ஏனைய இடங்கள் வீடின்றிக் கிடப்பதால் வெற்றிடங்கள் ஆகிவிடா. அவை ஒவ்வொன்றும் தனக்குரிய தொழிலை ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கின்றன. இவ்வுண்மையை மறந்தவர்களே, "சும்மா கிடக்கும் நிலத்தில் வீடு கட்டினால் என்ன?" என்று வினவுவர்.

இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் விருதுநகர் மாவட்டத்தை நோக்குதல் வேண்டும். அது வானம் பார்த்த பூமி. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு அங்கு இல்லை. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழைக்காலத்தில் நீர் பெருக்கெடுத்துப் பின்னர் மணற்பரப்பாகக் காட்சியளிப்பன. ஆதலின், பெய்யும் மழையைத் தேக்கி வைத்தாலன்றி அங்கு வாழ்வில்லை என்பதை முன்னோர் உணர்ந்தனர். ஊர்தோறும் கண்மாய் வெட்டினர். ஆலங்குளம், மல்லாங்கிணறு முதலிய ஊர்ப்பெயர்களிலேயே நீர்நிலைகளின் பெயர் நிலைத்திருப்பது கருதத்தக்கது.

கண்மாய் என்பது வெறும் பள்ளம் அன்று; உறுப்புகள் பல கொண்ட ஓர் உடல் போன்றது. மழைநீரைக் கொண்டு சேர்ப்பது வரத்துக்கால். நீர் பரந்து நிற்கும் இடம் உள்வாய். அதனைத் தடுத்து நிறுத்துவது கரை. வயலுக்கு நீரை அளந்து விடுவது மடை. மிகுந்த நீர் கரையை உடைக்காவண்ணம் வெளியேற்றுவது கலுங்கு. கலுங்கின் வழியே செல்லும் நீர் வீணாவதில்லை. அடுத்த ஊர்க் கண்மாயைச் சென்று நிரப்புகின்றது. இவ்வாறு ஒரு கண்மாயின் மிகுதி மற்றொரு கண்மாய்க்கு வரவாக அமைய, பல ஊர்கள் ஒரே சங்கிலியில் கோத்த கண்ணிகளாக விளங்குகின்றன.

மழை பொய்த்த ஆண்டுகளில் உள்வாய் வறண்டு கிடக்கும். வரத்துக்காலில் புல்லும் புதரும் மண்டும். அக்காலத்தில் அதனைக் காண்போர்க்கு அஃது ஒரு தரிசு போலத் தோன்றும். அங்கு மண்ணைக் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, மனைகளாகப் பிரித்துவிட்டால் நேர்வது யாது? மழையற்ற நாளில் ஒன்றும் நேராது. பெருமழை பெய்யும் நாளில் நீர் தன் பழைய வழியைத் தேடி வரும். வழி அடைபட்டிருப்பின் புதிய வீடுகளுக்குள் புகும். மழை ஓய்ந்தபின், கீழுள்ள கண்மாய் வறண்டிருக்கும், வயல் தரிசாகும், கிணற்று நீரும் கீழே இறங்கும். ஓரூரில் அடைத்த வாய்க்கால் மூன்றாம் ஊரின் விளைச்சலைக் கெடுக்கும் என்பது இதனால் புலனாகும்.

சிவகாசிப் பகுதியில் திறந்த நிலத்திற்கு மற்றுமொரு பயன் உண்டு. 1923ஆம் ஆண்டில், கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்குத் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதன் வழியே பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. வெடிமருந்தைக் கையாளும் ஆலைக்கும் மக்கள் வாழும் வீட்டிற்கும் இடையே குறித்த தொலைவு இருத்தல் வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளால் வலியுறுத்தப்படுகின்றது. விபத்து நேருங்கால் அதன் வேகத்தைத் தாங்கிக்கொள்வது அவ்விடைவெளியே. அதனுள் குடியிருப்புகள் நெருங்கி வருமாயின் உயிர்களுக்கும் தீக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிடும்.

திறந்த நிலத்தின் அருமையைப் பிற நாட்டாரும் உணர்ந்துள்ளனர். இங்கிலாந்தில் எபனேசர் ஓவர்டு என்னும் அறிஞர், நகரைச் சுற்றி வேளாண் நிலம் வளையமாக அமைதல் வேண்டும் என்று 1898ஆம் ஆண்டில் ஒரு நூலில் எழுதினார். இலண்டன் மாநகரம் எல்லையின்றிப் பரவி அண்டையிலுள்ள சிற்றூர்களை விழுங்காதிருக்கும்பொருட்டு, 1938ஆம் ஆண்டில் பசுமை வளையச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தமிழகத்துச் சிற்றூர்களைச் சூழ்ந்திருந்த கண்மாயும் மந்தையும் புறம்போக்கும், அப்பெயர் இல்லாமலே அத்தொழிலைப் பன்னெடுங்காலம் ஆற்றி வந்தன.

"மக்கட்கு வீடு வேண்டாவோ?" என்று கேட்பின், வேண்டும் என்பதே விடை. மக்கள் பெருகுங்கால் வீடுகளும் பெருகியே தீரும். வீடற்ற ஏழைக்கு நிழல் தருதல் அரசின் கடமை. ஆயினும், வீடு வேண்டுமா என்பது வேறு. அதனை எங்கே கட்டுவது என்பது வேறு. மேட்டு நிலத்தில் கட்டிய வீடு குடியைக் காக்கும். நீர்வழியில் கட்டிய வீடு தானும் கெட்டு ஊரையும் கெடுக்கும். மேலும், பொதுநிலத்தை அடைப்போர் எல்லாரும் வீடற்றவர் அல்லர். செல்வமும் செல்வாக்கும் உடையோர் அதனைக் கவர்ந்துகொள்ளுதலும் உண்டு. பொதுநிலம் மறையும்போது முதலில் வாடுவோர், சொந்த நிலம் இல்லாது அந்நிலத்தை நம்பி ஆடுமாடு வளர்க்கும் ஏழைகளே ஆவர்.

இவ்வுண்மையை நாடறியச் செய்த வழக்கு ஒன்று பஞ்சாபு மாநிலத்தில் நிகழ்ந்தது. பட்டியாலா மாவட்டத்தில் ரோகர் சாகிர் என்பது ஒரு சிற்றூர். அங்கு ஊரார்க்குப் பொதுவாக இருந்த குளத்தைச் சிலர் மண்ணிட்டு மூடிக் கட்டடம் எழுப்பத் தொடங்கினர். அவர்களை வெளியேற்றுமாறு ஊராட்சி விண்ணப்பித்தது. ஆனால் மாவட்ட ஆட்சியரோ, அவர்களை வெளியேற்றுதல் பொதுநலன் ஆகாது என்றும், நிலத்திற்குரிய விலையைப் பெற்றுக்கொள்ளுமாறும் ஆணையிட்டார். அவ்வாணையை ஊராட்சி எதிர்க்கவில்லை. ஊராட்சி வாளாவிருந்தபோதும் ஊரார் சிலர் வாளாவிருக்கவில்லை. அவர்கள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்தனர். 2007ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஆணையர், அம்முறையீட்டை ஏற்று, ஊரார் அனைவர்க்கும் உரிய குளத்தைத் தனியார் எவரும் கவர்தல் ஆகாது என்று முடிவு கூறினார். கட்டடம் எழுப்பியோர் உயர்நீதிமன்றத்தை அணுகித் தோற்றனர். பின்னர் உச்சநீதிமன்றத்தை அணுகினர்.

2011ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்சுவும் கியான் சுதா மிசுராவும் தீர்ப்பு வழங்கினர். அவர்களது வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. நெடுங்காலம் குடியிருந்தமையோ, மிகுந்த பொருள் செலவிட்டுக் கட்டினமையோ, அரசியல் செல்வாக்கோ பொதுநிலத்தைக் கவர்ந்ததற்குக் காரணமாக ஏற்கப்படா என்று நீதிமன்றம் தெளிவுறுத்தியது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்டு ஊராட்சிக்கு அளிப்பதற்கான திட்டங்களை வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளையும் பணித்தது. அதே வேளையில் ஏழைகளை மறந்ததும் இல்லை. அரசாணையின்படி நிலமற்ற தொழிலாளர்க்கோ, தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ, பழங்குடியினர்க்கோ அளிக்கப்பட்ட இடம், பள்ளியோ மருந்தகமோ அமைந்துவிட்ட இடம் போன்றவற்றிற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்றது. ஒரு சிற்றூரின் குளத்திற்காகச் சிலர் எழுப்பிய குரல், இவ்வாறு இந்தியா முழுவதிலும் உள்ள ஊர்களுக்குக் காவலாயிற்று.

தமிழ்நாட்டிலும் இதற்குரிய சட்டங்கள் உள்ளன. ஏரிகளையும் கண்மாய்களையும் அளந்து எல்லை வகுத்து, ஆக்கிரமிப்புகளை அகற்றுதற்கென்றே 2007ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விளைநிலங்களை ஒப்புதலின்றி மனைகளாக்கி விற்கும் வழக்கம் மிகுந்தபோது, அத்தகைய மனைகளைப் பத்திரப் பதிவு செய்தல் கூடாது என்று 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் அரசு, அத்தகைய மனைகளை வரன்முறை செய்வதற்கு 2017ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது.

ஆயினும் சட்டம் தானே நடந்து வருவதில்லை. அறிந்தவர் அதனைப் பயன்படுத்துதல் வேண்டும். ஊரின் பொதுநிலத்தில் கட்டடம் எழவிருப்பதாக அறிந்தால், முதலில் அந்நிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைத் தெளிதல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடத்துள்ள 'அ' பதிவேடும் புல வரைபடமும் அதனைக் காட்டும். வேண்டிய செய்தி கிட்டாவிடின், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். பின்னர் வட்டாட்சியர்க்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் காரணங்களைக் காட்டி மனு அளிக்கலாம். கிராம சபையில் எடுத்துரைத்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றோடு, உலக நீர் நாளாகிய மார்ச்சு 22ஆம் நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாளாக 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. நீரைப் பற்றிப் பேசுதற்கு அதனினும் ஏற்ற நாள் வேறில்லை.

எதிர்ப்பு என்பது பூசல் அன்று. கல்லெறிதலும் வசைபாடுதலும் நல்ல நோக்கத்தையும் கெடுத்துவிடும். பதிவேட்டைக் காட்டிப் பணிவோடு பேசுதலும், வீடற்றோர்க்கு ஏற்ற மாற்றிடத்தைச் சுட்டுதலும், முதல் முயற்சி தோற்பினும் மேல்முறையீட்டைக் கைவிடாமையும் நல்ல குடிமக்களின் இயல்புகளாம்.

ஊர்ப் பொதுநிலம் ஒருவர் ஈட்டிய பொருள் அன்று; ஒரு தலைமுறைக்கு உரியதும் அன்று. கண்மாய்க் கரையை மண் சுமந்து உயர்த்தியவர்கள் இன்று இல்லை. அக்கரையின் பயனைத் துய்க்கப் போகின்றவர்கள் இன்னும் பிறக்கவில்லை. இடையே வாழ்வோர் அதன் உரிமையாளர் அல்லர், காவலரே ஆவர். காவலர் உறங்கினால் ஊர் தன் நீரை இழக்கும். விழித்திருந்தால், மழை பெய்யும் ஆண்டில் மடை திறக்கும், வயல் விளையும், நத்தத்தில் கட்டிய வீடுகளும் நிலைத்து வாழும்.