பீடத்திலிருந்து தெருவுக்குப் போகும் தீ

கேள்வி: இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் உயிர்ப்பு ஞாயிறன்று பேராலயத்தின் முன்னால் ஒரு தேரை நிறுத்தி வெடிக்கவிடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சிலுவைப்போர் வெற்றியின் நினைவாக நடப்பது என்று சொன்னார்கள். ஆண்டவர் சாவை வென்ற நாளில் ஒரு போரின் வெற்றிக்கா வெடி? இதில் கிறிஸ்தவப் பொருள் ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வாணவேடிக்கையைப் பார்த்தால் கைதட்டத்தான் தோன்றும், உங்களுக்குக் கேள்வி தோன்றியிருக்கிறது. நல்ல கேள்வி, அம்மா. அதற்குள்ளேயே பாதி விடையும் இருக்கிறது.

அந்த ஊர் மரபுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1099இல், முதல் சிலுவைப்போரில், எருசலேமின் மதில்மேல் முதலில் ஏறியவர் பாட்சினோ தெ பாட்சி என்ற ஃபிளாரன்ஸ் வீரராம். அந்தத் துணிச்சலுக்குப் பரிசாக, இயேசுவின் கல்லறையிலிருந்து பெயர்த்த மூன்று சிக்கிமுக்கிக் கற்கள், அதாவது இரும்பில் உரசினால் பொறி பறக்கும் கற்கள், அவருக்குக் கிடைத்தன. அவற்றை அவர் ஊருக்குக் கொண்டுவந்தார். இன்று அவை ஆர்னோ ஆற்றங்கரை அருகே உள்ள புனித திருத்தூதர்கள் ஆலயத்தில் இருக்கின்றன. ஆண்டுதோறும் விழாவுக்கான தீயை அந்தக் கற்களில்தான் உரசி எடுக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டால் போர் வெற்றி விழா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மதிலேறிய வீரத்தில் விழாவின் பொருளைத் தேடினால், 1099 ஜூலை 15 அன்று அந்த மதிலுக்கு உள்ளே நடந்ததையும் சேர்த்து ஏற்க வேண்டிவரும். முஸ்லிம்களும் யூதர்களும் கூட்டங்கூட்டமாக வெட்டிக் கொல்லப்பட்ட நாள் அது. உயிர்ப்பு ஞாயிறன்று எந்தக் கிறிஸ்தவரும் கொண்டாடக்கூடியதல்ல. பாட்சினோவின் குடும்பப் பெருமையிலும் விழாவின் பொருளைத் தேட முடியாது. 1478இல் ஃபிளாரன்ஸின் இதே பேராலயத்தில், திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே நகரில் செல்வாக்கு மிக்க மெடிச்சி குடும்பத்தின் ஜூலியானோவைக் குத்திக் கொன்ற சதியில் முன்னின்றது அதே பாட்சி குடும்பம்தான்.

அப்படியானால் விழா எங்கிருந்து வந்தது? பாட்சினோவை விட்டுவிட்டு அந்தக் கற்களைப் பாருங்கள். அவை வந்த இடம் மதில் இல்லை, கல்லறை. சிலுவைப்போருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே, 870 வாக்கில், எருசலேமுக்குப் பயணம் போன பெர்னார்டு என்ற துறவி தாம் அங்கே அறிந்ததை எழுதிவைத்திருக்கிறார். புனித சனியன்று கல்லறைக் கோயிலில் விளக்குகள் ஏற்றப்படும். மறைமுதுவர், அதாவது அந்நகரின் தலைமை ஆயர், அந்தத் தீயை ஆயர்களுக்கும் மக்களுக்கும் கொடுப்பார். அவரவர் இருப்பிடத்துக்கு ஒளி போய்ச் சேரும். மேற்குத் திருச்சபையிலும் இதற்கு இணையான சடங்கு ஒன்று உண்டு. நீங்கள் ஆண்டுதோறும் பங்கேற்கிற ‘புதுத்தீ’தான் அது. பாஸ்கா திருவிழிப்பு, அதாவது உயிர்ப்புக்கு முந்தின இரவு வழிபாடு, தொடங்கும்போது கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே நெருப்பு மூட்டுகிறோம் அல்லவா? பழைய வழிபாட்டு முறையில் அந்த நெருப்பைக் கல்லில் உரசித்தான் எடுக்க வேண்டும். பழைய விளக்கிலிருந்து பற்றவைத்த தீ உதவாது. அதை மந்திரிக்கும் பழைய மன்றாட்டு கிறிஸ்துவை மூலைக்கல் என்றே அழைக்கிறது. கல் மூடிய கல்லறையிலிருந்து எழுந்தவரின் நினைவுக்குக் குளிர்ந்த கல்லிலிருந்து பிறக்கும் தீயைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ஃபிளாரன்ஸில் அந்தப் புனிதத் தீயைப் பந்தங்களில் ஏந்தி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அந்தத் தீயில் அடுப்பு எரியும், விளக்கு எரியும். பிறகு தீயைச் சுமக்க ஒரு வண்டி வந்தது. வெடிமருந்து ஐரோப்பாவில் பரவிய பின், வீடு வீடாகப் போன வெளிச்சத்தை ஊரே ஒரே நேரத்தில் பார்க்கும்படி வாணமாக வானில் ஏற்றினார்கள். ஆகவே அந்த வெடி, போர்க்களத்துப் பீரங்கியின் வாரிசு அல்ல. கைமாறிப் போன விளக்கின் வாரிசு. உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்.

இப்போது சடங்கை அருகில் போய்ப் பார்ப்போம். மூன்றடுக்குத் தேர், ஏறக்குறைய 9 மீட்டர் உயரம். ஊரில் அதற்கு பிரிந்தெல்லோனே என்று பெயர். கொம்பிலும் கழுத்திலும் பூச்சூடிய வெள்ளை மாடுகள் அதை இழுத்து வந்து, பேராலயத்துக்கும் எதிரே உள்ள திருமுழுக்குக் கோயிலுக்கும் நடுவில் நிறுத்துகின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டு, தேரிலிருந்து கோயிலுக்குள் பீடம் வரை ஒரு கம்பி கட்டுகிறார்கள். திருப்பலியில் வானவர் கீதம் (பெரிய வியாழனுக்குப் பிறகு மௌனமாக இருந்த மணிகள் மறுபடி ஒலிக்கும் பாடல் அது) தொடங்கும்போது, கற்களில் எடுத்த தீயால் ஒரு சின்னஞ்சிறு புறாவின் திரியைப் பற்றவைக்கிறார்கள். கொலம்பினா என்கிற அந்தப் புறா உண்மையில் ஒரு ராக்கெட் வாணம். அலகில் ஒலிவக் கிளை. தூய ஆவியின் அடையாளம். சீறிக்கொண்டு கம்பியில் ஓடி, மக்களின் தலைக்கு மேலாக வாசலைத் தாண்டி, தேரைத் தொட்டுப் பற்றவைத்துவிட்டு வந்த வழியே பீடத்துக்குத் திரும்புகிறது. தீ போகும் திசையைக் கவனியுங்கள்: பீடத்தில் தொடங்கி, மக்களைக் கடந்து, தெருவுக்கு. உயிர்ப்பின் செய்தியும் அப்படித்தான் போயிற்று. கல்லறைக்குப் போன பெண்கள் அங்கேயே நின்றுவிடவில்லை, மற்றவர்களிடம் சொல்ல ஓடினார்கள்.

புறா தடங்கலின்றித் திரும்பினால் அவ்வாண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1966இல் அது சரியாகப் பறக்கவில்லை, அந்த நவம்பரிலேயே ஆர்னோ வெள்ளம் ஊரை மூழ்கடித்தது என்று இன்றும் சொல்வார்கள். உழவர்களின் ஏக்கத்திலிருந்து பிறந்த நம்பிக்கை அது, புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் திருச்சபையின் போதனையில் அதற்கு இடமில்லை. உயிர்ப்பு சகுனம் பார்த்து வருவதில்லை.

பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து முதல் வரிசை பற்றவைத்து, அடுத்த வரிசைக்குக் கொடுத்து, கோயில் முழுக்க வெளிச்சம் பரவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் பங்குகள் பலவற்றில் வானவர் கீதத்தின்போது உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் தோன்றும் நேரத்தில் வெளியே வெடிச்சத்தமும் கேட்கும். ஃபிளாரன்ஸின் தேரும் இந்தச் சடங்குகளின் வரிசையைச் சேர்ந்ததே. முன்பு அங்கும் இது புனித சனியன்றுதான் நடந்தது. 1950களில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பகலுக்கு நகர்ந்துபோயிருந்த பாஸ்கா திருவிழிப்பை மீண்டும் இரவுக்கே கொண்டுவந்த பிறகு, தேர்விழா ஞாயிறு காலைக்கு மாறியது.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், தேர் வெடிக்கும் சதுக்கத்தோடு நிறுத்திவிடாமல், மறுநாள் ஆற்றங்கரைப் பக்கம் உள்ள அந்தச் சிறிய ஆலயத்துக்கும் போய் வாருங்கள். கூட்டம் போகாத இடம். ஆனால் விழா பிறப்பது அங்கேதான்.