ஓமந்தையில் எல்லை எப்படி வந்தது?

கேள்வி: இலங்கையின் ஏ-9 வீதியில் ஓமந்தைச் சோதனைச் சாவடி எப்படித் தோன்றியது?

பதில்: படைகள் முன்னேறியும் பின்வாங்கியும் கடைசியில் நின்ற இடம்தான் ஓமந்தை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது வவுனியா நகரம் அரசிடமும் அதற்கு வடக்கே வன்னி விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. அப்போது இரண்டுக்கும் இடையே வாசல், நகரை ஒட்டிய தாண்டிக்குளம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறக்க 1997 மே 13இல் இராணுவம் ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கையைத் தொடங்கியதும் ஓமந்தை அதன் கைக்குப் போனது. 1999 நவம்பரில் புலிகளின் ‘ஓயாத அலைகள் மூன்று’ மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு தெற்கே இறங்கியது. இராணுவம் ஓமந்தைப் பக்கம் ஒதுங்கியது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் பாதை திறந்தபோது அந்தக் கோடே வாசலாயிற்று. ஓமந்தையில் இராணுவச் சாவடி, புளியங்குளத்தில் புலிகளின் சாவடி, இடையே சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் நின்ற சூனியப் பிரதேசம்.

கேள்வி: அங்கு வாழ்ந்த மக்கள் எந்தப் பக்கம்?

பதில்: இரண்டு அரசுகளுக்கும் பதில் சொல்லவேண்டிய பக்கம். வன்னியின் ஆசிரியருக்கும் கச்சேரி உத்தியோகத்தருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. காணித் தகராறு வந்தால் அவர்கள் போனது புலிகளின் நீதிமன்றத்துக்கு. 1994 முதல் தமிழீழ வைப்பகமும் இயங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி, சீமெந்து, உரம், எரிபொருள் எல்லாம் இராணுவத்தின் தடைப்பட்டியலில் இருந்தன. பாதை திறந்தபின் உள்ளே போன சாமானுக்குப் புலிகள் வரி எடுத்தார்கள். வன்னியைவிட்டு வெளிக்கிடப் புலிகளின் பாஸ் வேண்டும்; அதற்கு உறவினர் ஒருவரைப் பிணை வைக்கவேண்டிய காலமும் இருந்தது. வவுனியாவில் தங்கவும் கொழும்பு போகவும் இராணுவத்தின் பாஸ் வேண்டும். அது கிடைக்காமல் பூந்தோட்டம் முகாமிலேயே வருடக்கணக்கில் இருந்த குடும்பங்கள் உண்டு. வவுனியா நகரிலோ இராணுவத்தோடு சேர்ந்து புளொட், டெலோ முதலான தமிழ் இயக்கங்களும் ஆயுதத்தோடு நின்றன. விசுவாசத்தைக் காட்டு என்று எல்லாரும் கேட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று அந்தச் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி: இப்படியொரு நடுநிலம் வேறு நாட்டுப் போர்களிலும் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கென்டக்கி மாநிலம் 1861 மே மாதம் தன்னை நடுநிலை என்று அறிவித்தது. லிங்கனும் எதிரணித் தலைவர் ஜெபர்சன் டேவிசும் பிறந்த மண் அது. செப்டெம்பரில் தெற்குப் படை உள்ளே நுழைந்ததும் சட்டசபை வடக்கின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் கென்டக்கியின் பெயரில் இரு தரப்புக் கொடிகளிலும் நட்சத்திரம் இருந்தது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு படைகளிலும் நின்றார்கள். கென்டக்கிக்கு ஒரு சட்டசபையாவது இருந்தது, கூடிப் பேசி முடிவெடுக்க. ஓமந்தைச் சனத்துக்கு அதுவும் இருக்கவில்லை.

கேள்வி: அந்த எல்லை எப்போது நீங்கியது?

பதில்: 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணப் பக்கத்து முகமாலையில் சண்டை தொடங்கியதும் ஏ-9 மூடப்பட்டது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் தப்பிவந்த சனம் ஓமந்தையில் சோதிக்கப்பட்டு, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு ஏற்றப்பட்டது. ஒருநாள் புலிகள் இயக்கத்தில் இருந்தவரும் பதியவேண்டும் என்று ஓமந்தையில் இராணுவம் அறிவித்தது. தாய்மாரும் மனைவியரும் தங்கள் ஆட்களைக் கையால் ஒப்படைத்தார்கள். 2011இல் ஓமந்தை வரை ரயில் ஓடியது. 2015இல் சாவடியும் அகற்றப்பட்டது. ஒப்படைக்கப்பட்டுத் திரும்பாதவர்களின் குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரப் போராட்டத்தில் இருக்கின்றன. ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலையும் அவர்களுக்கு நடந்ததையும் அரசு வெளியிட்டே ஆகவேண்டும். அதுவரை ஓமந்தை எல்லை நீங்கிவிட்டது என்று அந்தக் குடும்பங்களிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.